ஐ ஆம் மலாலா: குண்டு பட்ட கதைக்காக வாங்காதீங்க, அந்த ஸ்கூல் கதைக்காக வாங்குங்க

மலாலான்னு சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சது ரெண்டே விஷயம். 2012 அக்டோபர் 9ஆம் தேதி ஸ்கூல் வேன்ல வச்சு தாலிபான் ஆள் தலையில சுட்டது ஒண்ணு, 2014ல 17 வயசுல கைலாஷ் சத்யார்த்தி கூட சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு வாங்குனது இன்னொண்ணு. அதான் தெரியுமே, அப்புறம் எதுக்கு அவங்க தன் கதையைத் தானே சொல்ற அவ்ளோ பெரிய புக்கைப் படிக்கணும்னு கேக்கறவங்களுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதறேன். ஏன்னா இந்த ரெண்டு விஷயத்துக்கும் முன்னாடி ஒரு ஸ்கூல் இருக்கு, புக்கோட உயிரே அங்கதான் இருக்கு, அதைப் பத்தி யாரும் பேசவே மாட்டேங்கறாங்க.

முதல்ல அடிப்படை விவரம். புக்கு 2013 அக்டோபர்ல வந்தது, அப்ப மலாலாவுக்கு 16 வயசு. கூட எழுதுனது கிறிஸ்டினா லாம்ப், பாகிஸ்தான் ஆப்கானிஸ்தான் பக்கம் ரொம்ப வருஷமா ரிப்போர்ட் பண்ணிட்டிருக்கற பிரிட்டிஷ் பத்திரிகையாளர். மொத்தம் அஞ்சு பாகம், தாலிபான் வர்றதுக்கு முன்னாடி ஸ்வாத் எப்படி இருந்துச்சுங்கறதுல ஆரம்பிச்சு இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல புது வாழ்க்கை வரைக்கும் போகுது. சுட்ட சம்பவம் முன்னுரையிலயே வந்துடும், அதனால சஸ்பென்ஸ்னு ஒண்ணும் கிடையாது. சஸ்பென்ஸ் இல்லாததே நல்லதுதான்னு எனக்குத் தோணுச்சு, அடுத்து என்ன ஆகும்னு பதறாம அந்த ஊரை, அந்த வீட்டை நிதானமா பாக்க முடியுது.

ஸ்வாத்ங்கறது பாகிஸ்தானோட வடமேற்குல மலைகளுக்கு நடுவுல இருக்கற பள்ளத்தாக்கு. மலாலா பொறந்தது அங்க மிங்கோராங்கற டவுன்ல, 1997 ஜூலை 12. பஷ்தூன்ங்கற இனத்தைச் சேர்ந்த குடும்பம். பொண்ணு பொறந்தா யாரும் வந்து வாழ்த்தாத ஊர் அது. அவங்க அப்பா ஜியாவுதீன் என்ன பண்ணாருன்னா, பையன் பொறந்தா தொட்டில்ல காசும் மிட்டாயும் உலர் பழமும் போடுவாங்கல்ல, அதை என் பொண்ணுக்கும் போடுங்கன்னு பிரெண்ட்ஸ்கிட்ட கேட்டு வாங்குனாராம். சொந்தக்காரர் ஒருத்தர் தலைமுறை தலைமுறையா ஆம்பளைங்க பேர் மட்டுமே இருக்கற வம்சாவளிப் படத்தைக் கொண்டுவந்து காமிச்சப்ப, இவர் பேனாவ எடுத்து தன் பேர்லேருந்து ஒரு கோடு இழுத்து கடைசில மலாலான்னு எழுதிருக்கார். எனக்கு இந்த எடத்துல புக்க மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும்போல இருந்துச்சு. ஒரு மனுஷன் ஒரே ஒரு கோடு இழுத்தார், அவ்ளோதான், ஆனா அந்தக் காகிதத்துல அதுக்கு முன்னாடி யாரும் அதைப் பண்ணல.

இந்த ஜியாவுதீன்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் புக்கோட பாதி. ஷாங்லா மலை கிராமத்துலேருந்து வந்தவர், சின்ன வயசுல பயங்கரமா திக்குவாய். அவங்க அப்பா பெரிய பேச்சாளர், மசூதில பேசுனா கூட்டம் கூடும், அப்பேர்ப்பட்டவருக்கு வார்த்தை வராம திணர்ற பையன். அந்தப் பையன் போய் பேச்சுப் போட்டில பேர் குடுத்து, அப்பாவையே எழுதித்தரச் சொல்லி, மலைப்பாதையில நடந்து நடந்து மனப்பாடம் பண்ணி முதல் பரிசு வாங்குனது ஒரு அருமையான பகுதி. ஆனா அதே வீட்டுல அவரோட அக்கா தங்கச்சிங்க ஒருத்தர் கூட ஸ்கூல் வாசலை மிதிக்கல. கோழி சமைச்சா நல்ல கறி பையன்களுக்கு, பொண்ணுங்களுக்கு கழுத்தும் இறக்கையும். டீயில பால் பையன்களுக்கு மட்டும். மலாலா இதை ரொம்ப சாதாரணமா, குரலே உசத்தாம சொல்லிட்டுப் போறாங்க, அதனாலேயே உறைக்குது. அந்த அத்தைங்களுக்குக் கிடைக்காததுதான் இவங்களுக்கு கிடைச்சுச்சுங்கறது புக்கு முழுக்க பின்னாடி ஓடிட்டே இருக்கு.

அடுத்தது ஸ்கூல். குஷால் ஸ்கூல்னு பேரு, பஷ்தூன் கவிஞர் குஷால் கான் கட்டக் பேர வச்சது. ஜியாவுதீன் ஒரு பிரெண்டோட சேர்ந்து கையில இருந்த காசெல்லாம் போட்டு ஆரம்பிக்கறார், விரல் விட்டு எண்ணக்கூடிய பசங்கதான் வர்றாங்க, பார்ட்னரோட காசு விஷயத்துல மனஸ்தாபம் வந்து பிரியறாங்க, ஸ்கூலைப் பதிவு பண்ண ஆபீஸர் லஞ்சம் கேக்கறார், குடுக்க மாட்டேன்னு சண்டை போட்டு தனியார் ஸ்கூல் நடத்தறவங்க சங்கத்துலயே பெரிய ஆளா வர்றார், நடுவுல வெள்ளம் வந்து கட்டடம் பூரா சேறு. வாடகை, வாத்தியார் சம்பளம், பீஸ் கட்டாத வீடுங்கன்னு ஒரு சின்ன தனியார் ஸ்கூல் நடத்தறதுல உள்ள அத்தனை தலைவலியும் இதுல இருக்கு. குடும்பம் இருந்தது ஸ்கூலுக்கு எதிர்லயே ரெண்டு ரூம்ல. மலாலா நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே கிளாஸ்ரூம்ல தவழ்ந்து, பேச்சு வராத வயசுல டீச்சர் மாதிரி கையை ஆட்டி பாடம் எடுத்த குழந்தை. பெண் கல்விப் போராளின்னு நாம சொல்றோம், ஆனா அந்தப் பொண்ணுக்கு ஸ்கூல்ங்கறது கொள்கை கிடையாது, விளையாடி வளர்ந்த வீடு. அதைப் பூட்டுவேன்னு ஒருத்தன் வந்தா வீட்டைப் பூட்ட வந்த மாதிரிதானே கோவம் வரும்!

தாலிபானுக்கு முன்னாடியே எதிர்ப்பு வந்துடுச்சுங்கறதையும் கவனிச்சுப் படிங்க. ஸ்கூலுக்கு எதிர் வீட்ல இருந்த ஒரு முஃப்தி, அதாவது இஸ்லாமியச் சட்டம் படிச்ச மதகுரு, பெரிய பொண்ணுங்க மெயின் கேட் வழியா போறது தப்புன்னு ஊர்ப் பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து ஸ்கூலை மூடச் சொல்றார். கடைசில பெரிய பொண்ணுங்க வேற கேட் வழியா வரட்டும்னு ஒரு சமாதானம். ஒரு கேட்டுல ஆரம்பிச்சது எங்க போய் முடிஞ்சுதுன்னு நினைச்சா பகீர்னு இருக்கு.

குப்பை மேட்டுச் சம்பவம் ஒண்ணு வரும். அம்மா குப்பை போடச் சொல்லி அனுப்ப, அங்க மலாலா வயசுல ஒரு பொண்ணு தகர டப்பா தனியா, கண்ணாடி தனியா, பேப்பர் தனியான்னு பிரிச்சு வச்சிட்டிருக்கு, பக்கத்துல பையன்கள் கயித்துல காந்தம் கட்டி இரும்பு தேடறாங்க. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட அழுது இவங்களுக்கும் நம்ம ஸ்கூல்ல ஃப்ரீயா எடம் குடுங்கன்னு கேக்குது. அவர் ஏற்கெனவே நிறைய ஏழைப் பசங்களுக்கு ஃப்ரீயா எடம் குடுத்துட்டிருந்தார். ஏழைப் பசங்க வந்து கூட உக்காந்தா தங்கள் பிள்ளைங்களை நிறுத்திடற பணக்கார அப்பா அம்மாவையும் மறைக்காம சொல்லிருக்காங்க. அதுவும் உண்மைதானே, படிப்புக்கு எதிரி துப்பாக்கி தூக்கினவன் மட்டும் கிடையாது.

தன்னைப் பத்தி சொல்றதுலயும் நேர்மை இருக்கு. சின்ன வயசுல பக்கத்து வீட்டுப் பொண்ணோட விளையாட்டு நகைகளைத் திருடி மாட்டிக்கிட்டது, பரீட்சையில முதல் ரேங்க் போயிடுச்சேன்னு பொருமினது, தம்பி குஷால்கூட ஓயாத சண்டை, காலைல எழுப்பினா எழுந்துக்காதது எல்லாம் வருது. தெய்வக் குழந்தை மாதிரி ஜோடிக்கல. வீட்ல வளர்ற பொண்ணு எப்படி இருக்குமோ அப்படி இருக்கு, அதனாலதான் பின்னாடி நடக்கறதைத் தாங்க முடியல.

ரெண்டாவது பாகம்தான் புக்குலயே பலம். ஸ்வாத் தாலிபானோட தலைவன் ஃபஸ்லுல்லான்னு ஒருத்தன் எஃப்.எம். ரேடியோல பேச ஆரம்பிக்கறான். ஆரம்பத்துல நல்ல விஷயம் மாதிரி பேசறான், ஜனங்க, குறிப்பா பொம்பளைங்க விரும்பிக் கேட்டு நகையைக் கூட நன்கொடையா குடுக்கறாங்க. அப்புறம் பாட்டு கேக்காதே, டிவியை எரி, பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போகாதேன்னு ஒவ்வொண்ணா வருது. ஸ்கூலை விட்டு நின்ன பொண்ணுங்க பேரை ரேடியோல சொல்லி வாழ்த்து வேற! இன்னார் மகள் இன்னார் படிப்பை நிறுத்திட்டா, அவ சொர்க்கத்துக்குப் போவான்னு ஊருக்கே கேக்கற மாதிரி. எந்தத் துப்பாக்கியும் இல்லாம ஒரு கிளாஸ்ல பாதி பொண்ணுங்க எப்படி காணாமப் போவாங்கங்கறதை இதைவிடத் தெளிவா நான் எங்கயும் படிச்சதில்ல. ஒரே நாள்ல யாரும் வந்து பூட்டலை, முதல்ல வாழ்த்து சொன்னான், அப்புறம் மிரட்டுனான், அப்புறம் ராத்திரில ஸ்கூல்களுக்கு குண்டு வச்சான். 2008 முடியறதுக்குள்ள சுமார் 400 ஸ்கூல் போயிடுச்சுன்னு மலாலா எழுதறாங்க. மிங்கோராவோட நாற்சந்தில காலைல பொணம் கிடக்கும், அந்த எடத்துக்கு ஜனங்க ரத்தச் சதுக்கம்னே பேர் வச்சுட்டாங்க.

2009 ஜனவரி 15க்கு அப்புறம் எந்தப் பொண்ணும் ஸ்கூலுக்குப் போகக் கூடாதுன்னு உத்தரவு. அந்த நேரத்துலதான் பிபிசி உருது சர்வீஸ்ல டைரி. வேற ஒரு பொண்ணு எழுதறதா இருந்து வீட்ல பயந்து வேணாம்னு சொன்னதால இவங்க எழுதுனாங்க, குல் மகாய்ங்கற புனைபேர்ல, வயசு 11. போன்ல இவங்க சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டர் எழுதிக்குவார். ஸ்கூலுக்கு யூனிபார்ம் போடாதீங்க, கவனிச்சுடுவாங்கன்னு டீச்சர் சொல்ல, கலர் டிரஸ் போட்டு புக்கை சால்வைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போனதெல்லாம் இந்த டைரில வந்ததுதான். ஸ்கூல் கடைசி நாள் அன்னிக்கு பொண்ணுங்க வீட்டுக்குப் போக மனசில்லாம வழக்கத்தைவிட ரொம்ப நேரம் முற்றத்துல விளையாடிட்டே இருந்தாங்கன்னு ஒரு வரி வரும், எனக்கு சுட்ட காட்சியை விட இதுதான் அழுகையை வரவழைச்சது.

அப்புறம் கொஞ்ச நாள்ல, நாலாம் கிளாஸ் வரைக்கும் உள்ள பொண்ணுங்க மட்டும் போகலாம்னு ஒரு சலுகை குடுக்கறாங்க. மலாலா அஞ்சாம் கிளாஸ். இவங்களும் கூட படிக்கறவங்களும் என்ன பண்றாங்க, சின்னப் பசங்க மாதிரி நடிச்சு நாலாவதுன்னு சொல்லிக்கிட்டுப் போறாங்க! ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ள ரகசியமா பாடம் எடுக்கறாங்க. இந்த டீச்சர்ங்களைப் பத்தி உலகத்துல யாரும் பேசறதில்ல, அவங்களுக்கும் அதே ஊர்தான், அதே ரேடியோதான், அதே துப்பாக்கிதான், ஆனாலும் வந்து கதவைச் சாத்திட்டு கணக்கு சொல்லிக் குடுத்தாங்க. பரிசு, மேடை ஒண்ணும் இல்லாம. என்னைக் கேட்டா அவங்களைப் பத்தி இன்னும் ரெண்டு அத்தியாயம் இருந்திருக்கணும், இது புக்கு மேல எனக்கு இருக்கற முதல் குறை.

அந்த வருஷம் மே மாசம் ராணுவம் பெருசா சண்டையில இறங்க, ஸ்வாத்தே காலியாகுது. லட்சக்கணக்கான ஜனங்க ஒரே நேரத்துல ஊரை விட்டுக் கிளம்பறாங்க. வண்டில எடம் இல்ல, ஸ்கூல் பேக்கை எடுத்துட்டு வரக்கூடாதுன்னு சொல்லிடறாங்க. இந்தப் பொண்ணு புக்கையெல்லாம் ஒரு ரூம்ல வச்சு, பத்திரமா இருக்கணும்னு குரான் வசனம் ஓதிட்டு வருது. பன்னிரண்டாவது பிறந்த நாள் வெளியூர்ல, வீட்ல யாருக்கும் ஞாபகமே இல்ல. திரும்பி வந்து பாத்தா பேக்கு அப்படியே இருக்கு! ஆனா ஸ்கூல்ல ராணுவம் தங்கிட்டுப் போயிருக்கு, சுவத்துல ஓட்டை, தரையெல்லாம் சிகரெட் துண்டு. இந்த மாதிரி எடங்கள்ல யாரையும் நல்லவங்க கெட்டவங்கன்னு சுலபமா பிரிக்காம எழுதிருக்காங்க, ராணுவம் மேலயும் கேள்வி கேக்கறாங்க, அரசாங்கம் மேலயும் கேக்கறாங்க, அமெரிக்காவோட ட்ரோன் மேலயும் கேக்கறாங்க. இந்தப் பொண்ணு மேற்கத்திய ஏஜென்ட்னு சொல்றவங்க புக்கைத் தொறந்தே பாக்கலன்னு அர்த்தம்.

மதத்துக்கு எதிரானதுன்னு சொல்றவங்களுக்கும் அதேதான். பாகிஸ்தான்லயே தனியார் ஸ்கூல் சங்கம் ஒண்ணு 2013 நவம்பர்ல இந்தப் புக்கை தங்களோட ஸ்கூல்கள்ல வைக்கக் கூடாதுன்னு அறிவிச்சுச்சு. ஆனா பக்கத்துக்குப் பக்கம் தொழுகை இருக்கு, ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஆயத்துல் குர்ஸிங்கற குரான் வசனத்தை ஓதற பொண்ணு அது. படிப்பு தேடறது எங்க மார்க்கத்துலயே சொன்ன கடமை, அதை ஒரு பொண்ணுகிட்டேருந்து புடுங்க நீ யாருங்கறதுதான் மொத்த வாதமும். வெளியிலேருந்து வந்து யாரும் சொல்லிக்குடுத்த வாதம் கிடையாது, அந்த வீட்டுலேருந்தே வந்தது. அந்த வாதத்தோட பலமே அதுதான்.

சுட்ட பகுதியைச் சீக்கிரமே சொல்லி முடிச்சுடறாங்க, எனக்கு அது சரின்னு பட்டுச்சு. மிரட்டல் மாசக்கணக்கா வருது, அப்பாவைத்தான் சுடுவாங்கன்னு வீட்ல எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க, பொண்ணு ராத்திரி எழுந்து வாசல் கேட் பூட்டிருக்கான்னு போய் பாத்துட்டு வந்து படுக்குது. பரீட்சை எழுதிட்டு வேன்ல வர்றப்ப ஒருத்தன் ஏறி யாரு மலாலான்னு கேட்டு சுடறான், கூட இருந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் குண்டு பட்டது. அன்னிக்குன்னு பாத்து அம்மா தோர் பேகாய் முதல் முதலா எழுதப் படிக்க கத்துக்க ஸ்கூலுக்கு வர்றாங்க. இந்த அம்மா ஆறு வயசுல ஸ்கூலுக்குப் போய், அக்கம்பக்கத்துல யாரும் பொண்ணுங்க போகலைன்னு தானே நின்னு, புக்கை ஒன்பது அணாவுக்கு வித்து மிட்டாய் வாங்கித் தின்னவங்க. அத்தனை வருஷம் கழிச்சு, ஒரு ஸ்கூல் முதலாளியோட பொண்டாட்டியா இருந்தும் படிக்கத் தெரியாம, திரும்ப எழுத்து கூட்டலாம்னு கிளம்புன அதே நாள்ல பொண்ணுக்கு இப்படி. கதையில எழுதினா நம்ப மாட்டோம், இது நடந்தது.

பெஷாவர் ராணுவ ஆஸ்பத்திரில மண்டை ஓட்டுல ஒரு துண்டை எடுத்து மூளை வீக்கத்துக்கு எடம் குடுத்தாங்க, அப்புறம் ராவல்பிண்டி, அங்கேருந்து பர்மிங்ஹாம் குயின் எலிசபெத் ஆஸ்பத்திரி. கண்ணு முழிச்சதும் பேச முடியல, எழுத்து அட்டைல தொட்டுத் தொட்டு கேட்ட முதல் வார்த்தை அப்பா, ரெண்டாவது எந்த நாடுன்னு. அப்புறம் ஒரு பிங்க் கலர் நோட்ல எழுதி, எங்க அப்பாகிட்ட காசு இல்லையே இதுக்கு யார் பணம் கட்டுவாங்கன்னு கேக்குது. பீஸ் கட்ட முடியாத வீடுகளைப் பாத்து வளர்ந்த ஸ்கூல் வாத்தியார் பொண்ணு வேற என்ன கேக்கும்! முகத்தோட இடது பக்கம் வேலை செய்யாம போனது, நரம்பு ஆபரேஷன், டைட்டானியம் தகடு, காதுக்கு உள்ள கருவி வச்சது எல்லாம் பரிதாபம் தேடாம சொல்லிருக்காங்க. சிரிச்சா கோணலா இருக்கேன்னு அம்மா அப்பா அழறதைப் பாத்து இவங்க சமாதானம் சொல்ற எடத்தை மட்டும் தனியா இருக்கறப்ப படிங்க.

குறைகளுக்கு வர்றேன். முதல் பாகத்துலயும் நடுவுலயும் பாகிஸ்தான் வரலாறு நிறைய வரும். ராணுவ ஆட்சி நடத்துன ஜியாவுல் ஹக் கொண்டுவந்த சட்டங்கள், அதே மாதிரி ஆட்சியைப் புடிச்ச முஷாரஃப், 2005 நிலநடுக்கம், 2007 டிசம்பர்ல முன்னாள் பிரதமர் பெனாசிர் புட்டோ கொலை, அரசியல் கட்சிக் கூட்டணிகள்னு பத்திரிகைக் கட்டுரை மாதிரி போகும். அங்கெல்லாம் கேக்கற குரல் பதினாறு வயசுப் பொண்ணோடது இல்லைன்னு பட்டவர்த்தனமா தெரியுது. கிறிஸ்டினா லாம்ப் அந்த வரலாறை நல்லா அறிஞ்சவங்க, தகவல்ல குறை சொல்ல முடியாது, ஆனா அடுத்த பக்கத்துலயே தம்பி கூட ரிமோட்டுக்கு சண்டைன்னு வர்றப்ப ரெண்டு பேர் மாத்தி மாத்தி மைக் புடிச்ச மாதிரி இருக்கு. வரலாறு தெரியாதவங்களுக்கு அது தேவைதான், வேணாம்னு சொல்லல. அலுப்பா இருந்தா அந்தப் பக்கங்களை வேகமா புரட்டிட்டு கதைக்கு வந்துடுங்க, அப்புறம் திரும்பிப் போய் படிச்சா எதுக்கு அதை வச்சாங்கன்னு புரியும். இன்னொரு குறை, கூட குண்டு பட்ட அந்த ரெண்டு பொண்ணுங்க கதை ரொம்பக் கொஞ்சமா வருது, அவங்களும் பதின்வயசுப் பசங்கதான், அவங்களும் படிப்பை விடல.

எந்த எடிஷன் வாங்கறதுன்னு கேட்டா, பெரியவங்க முழு எடிஷனையே வாங்குங்க. 2014ல சின்னவங்களுக்குன்னு பேட்ரிசியா மெக்கார்மிக் கூட சேர்ந்து எழுதுன தனி எடிஷன் வந்துச்சு, அதுல அரசியலைக் குறைச்சு ஸ்கூல், பிரெண்ட்ஸ், வீடுன்னு கொண்டு போயிருக்காங்க, பத்து பதினோரு வயசு ஆன பசங்க தாராளமா படிக்கலாம், இங்கிலீஷும் ரொம்ப எளிமை. அதோட ஆடியோபுக்குக்கு நீலா வஸ்வானி குரல் குடுத்திருக்காங்க, 2015ல குழந்தைகள் ஆல்பம் பிரிவுல கிராமி விருது வாங்குனது. கண்ணு வலிக்குதுன்னு படிக்கத் தயங்கற அம்மாங்களும் பாட்டிங்களும் இங்கிலீஷ் புரிஞ்சா இதைக் கேக்கலாம். மின்புத்தகம் வேணாம்னு சொல்லுவேன், ஏன்னா நடுவுல வர்ற போட்டோக்களைப் பேப்பர்ல பாக்கணும். தம்பி கூட பனி பொம்மை செஞ்ச படத்தையும் அந்த வேன் படத்தையும் ஒரே புக்குல அடுத்தடுத்துப் புரட்டறது ஸ்கிரீன்ல வராது. முன்னாடி ஒரு மேப்பும் பின்னாடி சொல் விளக்கமும் காலவரிசையும் இருக்கு, பஷ்தூன்களோட மொழியான பஷ்தூ வார்த்தைக்கு அடிக்கடி பின்னாடி போய்ப் பாக்க வேண்டி வரும், அதுக்கும் பேப்பர்தான் வசதி.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. ஆன்லைன்ல பாதி விலைக்கும் கீழ விக்கற காப்பிங்க சிலது திருட்டுப் பிரிண்ட். எனக்கு ஒரு ஆள் அனுப்புனதுல போட்டோ பக்கங்களே இல்ல, கடைசி அத்தியாயத்துல எழுத்து மங்கி ரெண்டு பக்கம் படிக்கவே முடியல, கேட்டா பதிலும் இல்ல. பப்ளிஷர் பேர் பாத்து, வாங்கினதும் நடுப் பக்கம் புரட்டிப் பாத்துட்டு வச்சுக்கோங்க. செகண்ட் ஹேண்ட்ல நல்ல காப்பி கிடைச்சா அது இதைவிட எவ்வளவோ மேல்.

பழைய புக்கு, இப்ப எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு. புக்கு முடியறது 2013 ஜூலை 12, பதினாறாவது பிறந்த நாள்ல பெனாசிர் புட்டோவோட சால்வையைப் போட்டுக்கிட்டு ஐ.நா. சபையில பேசுனதோட சேத்து. அதுக்கப்புறம் மலாலா ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்சு 2020ல டிகிரி முடிச்சாச்சு, மலாலா ஃபண்ட் மூலமா பல நாட்டுல பொண்ணுங்க படிப்புக்கு வேலை நடக்குது, 2018 மார்ச்ல ஸ்வாத்துக்கு ஒரு தடவை போய்ட்டும் வந்தாங்க. ரேடியோல பேசுன ஃபஸ்லுல்லா 2018 ஜூன்ல ட்ரோன் தாக்குதல்ல செத்தான். ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான்ல 2021 ஆகஸ்ட்ல தாலிபான் மறுபடி ஆட்சிக்கு வந்து, ஆறாம் கிளாசுக்கு மேல பொண்ணுங்களுக்கு ஸ்கூல் கிடையாதுன்னாச்சு, 2022 டிசம்பர்ல யூனிவர்சிட்டியும் போச்சு. நாலாம் கிளாஸ் வரைக்கும்தான்னு சொன்னப்ப அஞ்சாம் கிளாஸ் பொண்ணு வயசைக் குறைச்சு நடிச்சுட்டுப் போன அந்தப் பக்கங்களை இப்ப படிச்சா பழைய கதைன்னு தோணவே தோணாது. காபூல்ல இப்ப ஆறாவது முடிச்ச பொண்ணு ஃபெயில் ஆனா இன்னொரு வருஷம் உள்ள இருக்கலாமேன்னு யோசிக்காம இருக்குமா?

வீட்ல படிக்கற பொண்ணு இருந்தா வாங்கிக் குடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி அப்பாங்க படிக்கணும். பொண்ணு எப்படி இவ்ளோ தைரியமா வந்துச்சுன்னு மேடைக்கு மேடை ஜியாவுதீன்கிட்ட கேக்கறாங்க, நான் எதுவும் பெருசா பண்ணல, அவளோட சிறகை வெட்டாம இருந்தேன்னு அவர் சொல்ற பதில் எல்லாருக்கும் தெரியும். அது எப்படி வெட்டாம இருந்தார், எங்கெல்லாம் பயந்தார், எப்ப போதும் நிறுத்திடலாம்னு பொண்ணுகிட்ட சொன்னார், அதுக்குப் பொண்ணு என்ன பதில் சொல்லுச்சுங்கறதெல்லாம் இந்தப் புக்குலதான் இருக்கு. ஸ்கூல் நடத்தறவங்க, டீச்சர் வேலை பாக்கறவங்க முதல் பாகத்தையும் ரெண்டாம் பாகத்தையும் மட்டுமாவது படிச்சுடுங்க. அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அந்த அரை மார்க் குறைச்சது நாலாம் கிளாஸ்னு பொய் சொல்லிட்டு வந்த பொண்ணுங்களுக்குக் கதவைச் சாத்திட்டு பாடம் எடுத்த டீச்சர்ங்களைப் பத்தி பத்தாம எழுதுனதுக்கு.